ஜெப ஆலயமும் நடன அரங்கும்: ஷாங்காயின் யூதர்கள்

ஷாங்காயில் யூத சமூகம் மூன்று அலைகளாக உருவானது. முதலில் வந்தவர்கள் பாக்தாத் வணிகர்கள். 1830-களில் பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் குடியேறிய டேவிட் சசூனின் குடும்பம், 1840-களில் ஷாங்காயில் கிளை திறந்தது. அபின் வணிகத்தில் சேர்ந்த பணம் பின்னர் நிலத்திலும் கட்டடங்களிலும் இறங்கியது. 1920-இல் எழுந்த ஓஹெல் ரேச்சல் ஜெப ஆலயம் ஜேக்கப் சசூன் தம் மனைவியின் நினைவாகச் செய்த ஏற்பாடு. அதே குடும்பத்தின் விக்டர் சசூன் 1929-இல் ஆற்றங்கரையில் கதே ஹோட்டலைத் திறந்தார். 1936-இல் சீரோஸ் என்ற இரவு விடுதியையும் கட்டினார். நகரத்தின் வழிபாட்டிலும் இரவுக் கேளிக்கையிலும் ஒரே குடும்பத்தின் கை இருந்தது.

இரண்டாம் அலை ரஷ்ய யூதர்கள். புரட்சிக்குப் பின் பலர் வடகிழக்குச் சீன நகரமான ஹார்பின் வழியாகத் தெற்கே வந்தார்கள். சிறு கடைகளும் இசையும் அவர்களுக்குச் சோறு போட்டன. அவர்களுடைய ஓஹெல் மோஷே ஜெப ஆலயம் 1927-இல் ஹாங்க்கௌ பகுதியில் அமைந்தது.

மூன்றாம் அலைதான் மிகப் பெரியது. நாஜிகள் யூதர்கள்மீது நடத்திய 1938 நவம்பர் வன்முறைக்குப் பிறகு, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வதைமுகாமில் அடைபட்ட யூதர்கள் பலரால், நாட்டைவிட்டு வெளியேறுவதற்குச் சான்று காட்டினால் விடுதலை பெற முடிந்தது. பெரும்பாலான நாடுகள் கதவை அடைத்துவிட்டன. 1937 சீன-ஜப்பானியப் போருக்குப் பின் ஷாங்காயில் இறங்க விசா கேட்பார் இல்லை. வியன்னாவில் சீனக் கன்சல் ஜெனரலாக இருந்த ஹோ ஃபெங்ஷான் வழங்கிய விசாக்கள், வெளியேறும் சான்றாகப் பலரைக் காப்பாற்றின. இத்தாலியக் கப்பல்கள் சூயஸ், பம்பாய், கொழும்பு வழியே அவர்களைக் கொண்டுசேர்த்தன. 1941-க்குள் ஏறத்தாழ 18,000 பேர் வந்திருந்தார்கள்.

அந்தப் போரின் குண்டுவீச்சில் சிதைந்து, வாடகை மலிந்திருந்த ஹாங்க்கௌவில் அவர்கள் குடியேறினார்கள். வீட்டில் கழிப்பறை கிடையாது. மலவாளியை விடியற்காலையில் வண்டிக்காரர் வந்து எடுத்துப்போவார். குழாய் நீரை அப்படியே குடிக்க முடியாது. தெருமுனைக் கடையில் காசு கொடுத்து, ஃபிளாஸ்க் நிறையக் கொதிநீர் வாங்கிவர வேண்டும். இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ரொட்டிக்கடை, காபிக்கடை, ஜெர்மன் மொழி நாளிதழ், நாடக மேடை எல்லாம் முளைத்தன. பாக்தாத் யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஹொரேஸ் கடூரி அகதிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தப் பகுதியை ‘சின்ன வியன்னா’ என்றார்கள்.

இரவு வாழ்க்கை அகதிகளுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிழைப்பும்கூட. ஐரோப்பிய அரங்குகளில் வாசித்த கலைஞர்கள் ஷாங்காயின் விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் வாசித்து வாடகை கட்டினார்கள். ஹாங்க்கௌவிலேயே, பிராட்வே திரையரங்கக் கட்டடத்தின் மேல்தளத்தில், மஸ்காட் மொட்டைமாடித் தோட்டத்தில் நடனம் நடந்தது. பெர்லினிலிருந்து வந்த வயலின் கலைஞர் ஆல்ஃபிரெட் விட்டன்பெர்க் சீன மாணவர்களுக்குக் கற்பித்தார்.

1943 பிப்ரவரி 18-இல், நகரை ஆக்கிரமித்திருந்த ஜப்பானிய அதிகாரிகள், நாடற்ற அகதிகள் ஹாங்க்கௌவில் குறித்த எல்லைக்குள்தான் வசிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். வெளியே போக அனுமதிச்சீட்டு தேவை. அதற்குக் கோயா என்ற அதிகாரியின் முன் நீண்ட வரிசையில் நின்று, அவருடைய வசவையும் சில நேரம் அடியையும் தாங்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் வெளியே இரவில் வாசித்தவர்களின் வருமானம் அடிபட்டது. 1945 ஜூலை 17 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் அகதிகளும், அவர்களைவிட மிக அதிகமாகச் சீன அண்டைவீட்டாரும் மாண்டார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று பிரிந்து போனார்கள்.

1992-இல் சீனா இஸ்ரேலுடன் தூதரக உறவு கொண்டது. வணிகர்களும் மாணவர்களும் வரத் தொடங்கியதும் சமூக வாழ்வு மீண்டும் துளிர்த்தது. சீன அரசு அங்கீகரித்த ஐந்து மதங்களில் யூத மதம் இல்லை. ஆகவே கூட்டு வழிபாடு வெளிநாட்டவருக்கு உரியதாகவே நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஷாங்காயில் படிக்கும் யூத மாணவர், ஹபாத் என்ற யூத அமைப்பின் இல்லத்தில் பிரார்த்தனையிலும் யூத உணவு விதிப்படியான கோஷர் விருந்திலும் கலந்துகொள்ளலாம். ஓஹெல் மோஷே 2007 முதல் அகதிகள் அருங்காட்சியகமாக இயங்குகிறது. கதே ஹோட்டலின் கட்டடம் பீஸ் ஹோட்டலாகத் தொடர்கிறது; அங்கே இரவில் ஜாஸ் ஒலிக்கிறது.

(தொடரும்)