ஜாவாவுக்கு ஒரு டிபன் கேரியர்!

'மச்சி, என் லேப்டாப்ல நல்லா ஓடிச்சுடா...' - பிராஜெக்ட் டெமோ அன்னிக்கு எல்லா இன்ஜினீயரிங் காலேஜ் லேப்லயும் கேட்கிற சோக கீதம் இது. அங்கே இருக்கிற ஜாவா வெர்ஷன் வேற. இல்லைன்னா ஜாவாவே இல்லை. எக்ஸ்டர்னல் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பிச்சுடுவார். மார்க் கோவிந்தா!

கவலையை விடுங்க மக்களே... உங்க புரோகிராமுக்கு வேண்டியதை மட்டும் பேக் பண்ணி, ஒரு குட்டி ஜாவாவைப் பென் டிரைவ்லயே எடுத்துட்டுப் போகலாம்.

அரியர் க்ளியர் பண்ணிய ஜிக்சா

ஜாவா 8 வரைக்கும் லைப்ரரியில பெரும்பகுதி 'ஆர்டி.ஜார்'ங்கிற ஒரே மூட்டைதான். 'ஹலோ வேர்ல்டு' எழுதினாலும் மொத்த மூட்டையையும் சுமக்கணும். அதைப் பிரிக்க, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2008-ல் ஆரம்பிச்சதுதான் 'ஜிக்சா' திட்டம். 'ஜாவா 7-ல வரும், 8-ல வரும்'னு தள்ளிட்டே போச்சு. 2017 மே மாச ஓட்டெடுப்பில் 10 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்புன்னு தோற்றே போச்சு. ஐ.பி.எம்., ரெட் ஹேட் ரெண்டும் எதிர்க் கட்சி! திருத்திக் கொண்டுவந்து ஜூன்ல பாஸ். செப்டம்பர்ல ஜாவா 9-ஆ ரிலீஸ். அரியர் வெச்சு க்ளியர் பண்ற நம்ம சீனியர் மாதிரியே!

இப்போ ஜே.டி.கே., சுமார் 70 மாட்யூல்களா பிரிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் அடியில் 'ஜாவா.பேஸ்'. டேட்டாபேஸ் வேணுமா, 'ஜாவா.எஸ்.க்யூ.எல்' சேர்த்துக்குங்க. வேணாமா, விட்டுடுங்க.

எப்படிப் பண்றது?

* 'மாட்யூல்-இன்ஃபோ' ஃபைல்ல 'ரிக்கொயர்ஸ்'னு போட்டு யார் வேணும்னும், 'எக்ஸ்போர்ட்ஸ்'னு போட்டு எதை வெளியே காட்டலாம்னும் எழுதுங்க.

* 'ஜேடெப்ஸ்' டூலை ஓட்டினா, எந்தெந்த மாட்யூல் தேவைன்னு லிஸ்ட் தரும்.

* அந்த லிஸ்ட்டை 'ஜேலிங்க்' கையில கொடுங்க. குட்டி ஜாவா ஒரு ஃபோல்டரா ரெடி!

அடுக்கு மேல் அடுக்கு

உங்க சாஃப்ட்வேர்ல ரெண்டு ப்ளக்-இன். ஒண்ணுக்கு ஒரு லைப்ரரியோட பழைய வெர்ஷன் வேணும், இன்னொண்ணுக்குப் புதுசு. ரெண்டையும் கிளாஸ்பாத்ல போட்டா, வரிசையில முதல்ல இருக்கிறதுதான் ஜெயிக்கும். அடுத்தது, ஓடிட்டு இருக்கும்போதே 'நோ சச் மெத்தட்'னு படுத்துடும். இதுக்குத்தான் 'மாட்யூல் லேயர்'. டிபன் கேரியர் மாதிரி. அடியில பொதுவான சாதம், மேல் அடுக்குகள்ல சாம்பாரும் ரசமும் கலக்காம தனித் தனியா. ஒவ்வொரு அடுக்குக்கும் தனி கிளாஸ் லோடர் வெச்சுட்டா, ரெண்டு வெர்ஷனும் சண்டை போடாம குடித்தனம் நடத்தும்!

உஷார் பாஸ்!

'மாட்யூல்-இன்ஃபோ' இல்லாத பழைய ஜாரை ஜேலிங்க் சேர்த்துக்காது. குட்டி ஜாவாவை மட்டும் தனியா பண்ணிட்டு, அந்த ஜாரைக் கிளாஸ்பாத்ல வெச்சுக்குங்க. விண்டோஸுக்குப் பண்ணினது லினக்ஸ்ல ஓடாது. முக்கியமா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற செக்யூரிட்டி பேட்ச் உங்க குட்டி ஜாவாவுக்குத் தானா வந்து சேராது. புது ஜே.டி.கே-வில் மறுபடி 'ஜேலிங்க்' ஓட்டணும். டெமோ முடிஞ்சு நாலு பேர் நிஜமாவே உங்க சாஃப்ட்வேரை யூஸ் பண்ண ஆரம்பிச்சா, அந்தப் பொறுப்பு உங்களோடது.

கேரியரைக் கட்டினவங்கதானே கழுவியும் வைக்கணும்!