வட்டில் வெற்றிடம் தேடல்

எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அழித்து, அதன்மேல் மீண்டும் எழுதுதல் அரிது. ஏடு செல்லரிக்கத் தொடங்கின், புதிய ஓலையிற் படியெடுத்த பின்னரே பழையதைக் கழித்தனர் நம் முன்னோர். புதுவைப் பிரெஞ்சு நிறுவனத்திற் காக்கப்பெறும் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவையும் இங்ஙனம் படிவழிப் படியாக வந்தனவே.

கணிப்பொறி வட்டிற் கோப்புகளைக் காக்கும் முறைகளுள்ளும் இவ்வியல்புடையன சில உள. சன் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இசட்.எப்.எஸ். அவற்றுள் ஒன்று. கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினும், அவ்வெழுத்துள்ள கட்டம் முழுவதும் வேறோரிடத்தில் எழுதப்படும். அதனைச் சுட்டும் கட்டமும், அதற்கு மேலுள்ளதும், வேர்க்கட்டம் வரை அவ்வாறே. வேர் மாறுங்காறும் பழைய படி பழுதின்றி நிற்கும். ஆதலின் இடையில் மின்சாரம் நின்றாலும், நாம் ஆண்டு முழுதும் தொகுத்த குறிப்புகள் பாதி புதிதும் பாதி பழையதுமாய்ச் சிதைவதில்லை.

இந்நன்மையோடு ஓர் இடர்ப்பாடும் உடன்வரும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் வெற்றிடம் தேடவேண்டும். இவ்விடர் விளங்க, நம் புதுவையின் பகுதியாகிய கருவடிக்குப்பத்தை நோக்குவோம். பாரதியார் குயிற்பாட்டு இயற்றிய தோப்பு இங்குள்ளது என்பர். இன்றோ ஊரெங்கும் வீடுகள். வெற்றுமனைகள் பத்து அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடப்பினும், பத்து மனை அகலமுள்ள மண்டபம் ஒன்று கட்ட அவை உதவா. வட்டின் நிலையும் இதுவே.

இசட்.எப்.எஸ். வட்டை ஏறத்தாழ 200 வட்டாரங்களாகப் பகுத்து, எடுத்த இடமும் விட்ட இடமும் வரிசையாய் எழுதிய கணக்கேடு ஒன்றை ஒவ்வொன்றிற்கும் வைக்கும். முன்னர், மொத்த வெற்றிடம் மிக்க வட்டாரத்தையே பெரிதும் நாடிற்று. அதன் ஏட்டை நினைவகத்தில் ஏற்றித் தேடிப் பார்த்து, துண்டு துணுக்குகளன்றி வேறில்லை எனக் கண்டபின் அடுத்ததற்குச் செல்லும். வட்டு நிரம்ப நிரம்ப இவ்வலைச்சல் பெருகிற்று. எழுதும் வேலையும் தளர்ந்தது. பின்னர்ச் செய்த திருத்தம் எளியது. எளிமையே அதன் அழகு என்போம். தொடர்ந்த வெற்றிடங்களை இரட்டித்து ஏறும் அளவுகளாக வகுத்து, எவ்வளவின எத்தனை உள என்பதை ஏட்டுடனேயே குறித்து வைத்தனர். பேரிடம் உள்ள வட்டாரம் எதுவென்பது ஏடு முழுவதையும் புரட்டாமலே இப்போது புலனாகும்.

இடமே இல்லாதவிடத்து எக்கணக்கும் உதவாது. வட்டில் ஐந்தில் ஒரு பங்கை வெறிதே விடுக என்பர் இத்துறையினர். ஸ்நாப்ஷாட் எனப் பழைய நிலையைப் பிடித்து வைத்திருப்போர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். கோப்பை அழித்தாலும், அந்த ஸ்நாப்ஷாட்டை நீக்குங்காறும் அதன் இடம் விடுபடாது.