குதிரைக்குட்டிக்கு முதற்பால் ஏன் அவசரம்?

நெடுந்தீவின் வெட்டவெளியில், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் ஆள் துணையின்றியே ஈனுகின்றன. குட்டி சுமார் ஒரு மணி நேரத்தில் கால் தள்ளாட எழுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் மடியைத் தேடிப் பிடிக்கிறது.

ஏன் இந்த அவசரம்? குதிரையின் நஞ்சுக்கொடி தாயின் நோயெதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. அவை கெட்டியான, மஞ்சள் படிந்த முதற்பாலான கடும்புப்பாலில்தான் வருகின்றன. பிறந்த குட்டியின் குடல் அவற்றைச் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விடும். அந்த வழியோ மணிக்கு மணி சுருங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அதன்பின் குடிப்பது வெறும் உணவுதான்.

தாயையும் கவனிக்க வேண்டும்: ஈன்ற 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டால் அதற்கு ஆபத்து. இழுக்காமல் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும்.

பசு வளர்ப்போரே, கடும்புப்பால் கணக்கு கன்றுக்கும் இதேதான். முதலில் கன்று வயிறாரக் குடிக்கட்டும், பிறகு கறவுங்கள்.