பிறந்த வீடு – 9: ஆயா குந்தியிருந்த இடம்

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை எங்கே போனாலும் அதே சொல். பிரசவ வார்டில் நின்று ‘ஆயா’ என்று குரல் கொடுத்தால், பெட்பேனும் கையுமாக வேறொருவர் திரும்பிப் பார்ப்பார். இந்த இரண்டு ஆயாக்களுக்கும் நடுவே இன்னொருத்தி இருந்தாள்: மருத்துவச்சி. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது ஆஸ்பத்திரியின் கதை. மருத்துவச்சியின் கதையை அவள் கையில் பிள்ளை பெற்றவரிடம்தான் கேட்க வேண்டும். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருக்கோடி வீடு.

ஆயாவுக்கு எண்பதுக்கு மேல். ஐந்து பெற்றவர். முதல் நான்கும் வீட்டில், கடைசி மட்டும் ஆஸ்பத்திரியில்.

“மருத்துவச்சி என்ன பண்ணுவாங்க ஆயா?”

“இன்னா பண்ணா? ஒண்ணும் பண்ணல கண்ணு. குந்திகினு இருந்தா.”

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பொய் வலியா நிஜ வலியா என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பாளாம். நிஜ வலி என்றால் படுக்க விடமாட்டாள், நடக்கச் சொல்வாள். உத்தரத்தில் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, வலி ஏறும்போது அதைப் பிடித்துக்கொண்டு தொங்கச் சொல்வாள். விளக்கெண்ணெய் தொட்டு இடுப்பை நீவுவாள். “கத்துனா, கத்துடின்னுவா. இப்ப ஆஸ்பத்திரில கத்துனா வாய மூடுன்றாங்களாமே?” ராத்திரி முழுக்க அவள் எழுந்து போகவே இல்லை என்பதை மட்டும் ஆயா மூன்று தடவை சொன்னார்.

கூலியைக் கேட்டேன். முறத்தில் அரிசி, வெற்றிலை பாக்கு, ஒரு புடவை. உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டீர்களா என்றேன். “அதெப்புடி? திண்ணையிலதான்.” கேள்வியே ஆயாவுக்கு விநோதமாக இருந்தது. நம் ஊர்களில் மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் சவரத் தொழில் செய்த குடும்பத்துப் பெண்கள். பிரசவ ரத்தம் தீட்டு. தீட்டைத் தொட ஒரு சாதி. குழந்தை வெளியே வரும்வரை வீட்டின் உள்ளறையில் இருந்தவள், வந்த பிறகு வாசலுக்கு வெளியே. பாரம்பரியப் பிரசவத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தத் திண்ணையை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

“மூணாவது தங்கல” என்றார் ஆயா, கேட்காமலே. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஏழாம் நாள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. சாமி குத்தம் என்று நினைத்தார்களாம். கதை கேட்ட எந்த நர்ஸும் அது என்ன என்று சொல்லிவிடுவார்: தொப்புள்கொடியை அறுத்த இடம் வழியாக ஏறிய டெட்டனஸ். கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் போதும், அதைத் தடுக்க. பச்சிளங்குழந்தைகளின் டெட்டனஸ் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத அளவுக்கு இந்தியாவில் குறைந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது 2015-ல். ஆயாவின் மூன்றாவது பிள்ளைக்கு ரொம்பத் தாமதம்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. குன்றத்தூர் நமக்குப் பக்கத்து ஊர். 2024 நவம்பரில் அங்கே ஒரு தம்பதி, மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். பிரசவம் பார்த்தவர் கணவர். வழி சொன்னது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழு. சுகாதாரத் துறை புகார் கொடுத்தது, போலீஸ் விசாரித்தது, டிவியில் இரண்டு நாள் ஓடியது. தாயும் சேயும் நலம். டீக்கடையில் இதைப் பேசியவர்கள் இரண்டே வகை. “பைத்தியக்காரத்தனம்” என்றவர்கள் ஒரு பெஞ்சில். “அந்தக் காலத்துல எல்லாம் ஆஸ்பத்திரியா இருந்துச்சு?” என்றவர்கள் எதிர் பெஞ்சில்.

குழுவில் இருந்த ஆயிரம் பேரையும் பைத்தியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பயத்துக்கு எண்கள் இருக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8. நாட்டின் சராசரி 21.5. தமிழ்நாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு மட்டும் இந்தியாவிலேயே குறுகிப் போய்விட்டதா என்ன? வயிற்றைக் கிழிக்காமல் விடமாட்டார்கள் என்று ஒரு பெண் நினைத்தால், அந்த நினைப்பை வாட்ஸ்அப் உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்த பயத்துக்குத் தப்பான வழியைக் காட்டியது, அவ்வளவுதான்.

ஏன் தப்பான வழி? குழந்தை பிறந்ததும் எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள். தேர்ந்த மருத்துவச்சியோ நர்ஸோ குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டுத் தாயின் வயிற்றைப் பார்ப்பார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாக ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிய்ந்து வந்த இடத்தில் அத்தனை ரத்தக் குழாய்களும் வாய் திறந்து கிடக்கும். அவற்றை மூடத் தையல் கிடையாது. கர்ப்பப்பை தானே இறுகி, தன் தசை நார்களால் அவற்றை நெரித்து மூட வேண்டும். தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவுபோலத் தொளதொளவென்றிருந்தால் கணக்கு நிமிடங்களில்தான். அதனால்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் அடக்கிவிடலாம்.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, பிழைத்தது. ரத்தப்போக்கு நிற்காமல் 28 வயதுத் தாய் இறந்துபோனார். குழந்தை வெளியே வந்ததும் பிரசவம் முடிந்துவிட்டதாகத்தான் எந்த வீடியோவைப் பார்த்தாலும் தோன்றும்.

வெளிநாட்டில் வீட்டில் பெறுகிறார்களே என்று எதிர்ப் பெஞ்சுக்காரர்கள் கேட்பார்கள். பெறுகிறார்கள். இங்கிலாந்தில் சிக்கல் எதுவும் எதிர்பார்க்கப்படாத சுமார் 64,000 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2011-ல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது குழந்தை என்றால் வீடோ மருத்துவமனையோ, குழந்தைக்கு ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முதல் குழந்தை என்றால் கடுமையான பாதிப்பு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: வீட்டில் பெற நினைத்த முதல் பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிவந்தது. பதிவு பெற்ற மருத்துவச்சி, கையில் மருந்துப் பெட்டி, கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ், எதிர்பார்த்துக் காத்திருக்கும் மருத்துவமனை எல்லாம் இருந்தும் அப்படி. அங்கே வீட்டுப் பிரசவம் என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனையே நிற்கிறது என்று அர்த்தம். நமக்கு 2008-லிருந்து 108 இருக்கிறது, நல்ல சேவை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரையான்சாவடி முனையில் நின்று பார்த்தவர்கள் யாரும், ரத்தம் கொட்டும் பெண்ணுக்கு அந்த ரோட்டை நம்பச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, வீடு திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1992–93-ல் தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் நூற்றுக்கு அறுபத்துச் சொச்சம். 2019–21-ல் 99.6. அதை வாங்கித் தந்தவர்கள் துணை சுகாதார நிலையங்களிலிருந்து வீடு வீடாக நடந்த நர்ஸம்மாக்களும், ஆரம்ப சுகாதார நிலையங்களை மூன்று ஷிப்டில் இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைத்திருக்கிற செவிலியர்களும். 2018–20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. இதைக் கோட்டைவிட்டுவிட்டுப் புடவையைப் பிடித்துத் தொங்க நான் தயாரில்லை.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்றைத் தொலைத்தோம். குந்திகினு இருப்பவளை. அமெரிக்க மானுடவியலாளர் சிசீலியா வான் ஹாலன் 1995-ல் சென்னையில் தங்கிப் பிரசவங்களைக் கவனித்து எழுதிய புத்தகம் 2003-ல் வந்தது. வலி தெரியாமலிருக்க ஊசி கேட்டவர்களை அல்ல, வலி கூட்டும் ஊசி கேட்ட நம் பெண்களை அவர் பார்த்தார். ‘வலி ஊசி’ என்ற சொல் இன்னும் நம் வார்டுகளில் உண்டு. வலியை நம் பெண்கள் தாங்குகிறார்கள். தாங்க முடியாதது, திட்டு வாங்கிக்கொண்டு தனியாகக் கிடப்பதுதான். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் தேடியதும் அநேகமாகக் கூட இருக்கும் ஓர் ஆளைத்தான் என்று எனக்குப் படுகிறது.

அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவர யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணி விரும்பும் துணை கூடவே இருக்கட்டும், நடக்கவிடுங்கள், குந்தியோ சாய்ந்தோ பெறட்டும், எல்லோருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டித் தையல் போடாதீர்கள், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. தெருக்கோடி ஆயா சொன்னதில் பாதி அதில் இருக்கிறது. அதே ஆண்டு மத்திய அரசும், செவிலியருக்கு 18 மாதம் மகப்பேறு தனிப்பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடுவதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மருத்துவச்சியை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவரும் ஏற்பாடு அது. இந்த முறை அவளுக்குத் திண்ணை கிடையாது, சம்பளம் உண்டு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரசவ அறைக்குள் கர்ப்பிணியோடு ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் விசாரித்தேன்; பாதிப் பேருக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருந்தால், எட்டாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: உள்ளே கூட யார் இருக்கலாம்? வலி வந்த பிறகு நடக்க விடுவீர்களா? நர்ஸம்மா முகம் சுளித்தால் மெடிக்கல் ஆபீசரிடம் கேளுங்கள். தனியாரில் பார்ப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்கலாம்: போன வருஷம் இங்கே நூற்றில் எத்தனை ஆபரேஷன்?

(தொடரும்)