ஓடியவள் தெரிகிறாள்... ஓட வைத்தவர்?

திருச்சுழிப் பக்கத்து வெயிலில் ஒரு மதியம் நின்று பார்த்திருக்கிறீர்களா? குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்த்த நாட்கள்தான் அதிகம். மானாவாரி வெள்ளாமை. மழை ஏமாற்றினால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பொண்ணு உத்தியோகத்துக்குப் போனால் ஊரே மெச்சும். அவளுக்காக வெயிலில் காய்ந்த அம்மாவையோ அப்பத்தாவையோ யாரும் கேட்பதில்லை.

இந்தச் சீமைக்கு வடக்கே, மதுரையை ஒட்டிய சக்கிமங்கலத்துக்கு வாருங்கள். ஓட்டக்காரி ரேவதி வீரமணி பிறந்த ஊர். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். கொஞ்ச நாளில் அம்மாவும். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி. வயல் வேலை, செங்கல் சூளை என்று உழைத்தார். 'பிள்ளைகளை வேலைக்கு அனுப்பேன்' என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பாட்டி மசியவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். (அந்த ஒரு பிடிவாதம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.)

ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கண்ணன் தேடி வந்தார். பாட்டிக்கு முதலில் தயக்கம். வயசுப் பொண்ணை மைதானத்துக்கு அனுப்ப எந்தப் பாட்டிக்குத்தான் இருக்காது? பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. 2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ரேவதி ஓடினார். அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதனாலென்ன!

சரி, இப்போது உங்கள் வீட்டு அடுக்களைக்கு வருவோம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிச்சம் இருப்பதை வழித்துச் சாப்பிடுகிறவர் யார்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எந்நேரமும் அசதி, தலைசுற்றல், வெளிறிய நகம். இதையெல்லாம் 'வயசாச்சுல்ல' என்று அம்மா ஒதுக்கிவிடுவார். நீங்கள் விடாதீர்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகைதான். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் குறைந்தால், எங்கே கசிகிறது என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, ஈரல் எல்லாம் நல்லதுதான். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி மட்டும் வேண்டாம். வந்த சத்தைத் தடுத்துவிடும்.

அடுத்த முறை மகளுக்கு டெஸ்ட் எடுக்க லேபுக்குப் போகும்போது, அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.