உதிரிப்பாக விலை மட்டும்தானா கருவியின் விலை?

கிணற்று மோட்டாரைக் கைபேசியில் இயக்கும் பெட்டி, மண்ணின் ஈரத்தைக் காட்டும் சென்சார், சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடும் டைமர் போன்றவற்றைப் பெரிய நிறுவனங்கள் மட்டும் தயாரிப்பதில்லை. டிப்ளமோ, பொறியியல் படித்த கிராமத்து இளைஞர்கள் பலரும் ஆர்வத்தால் வீட்டிலேயே செய்து தருகிறார்கள். நம் வயலுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதும், கூப்பிட்டால் வந்து பார்ப்பதும் இவர்களிடம் உள்ள வசதி.

சிக்கல் விலை பேசும்போதுதான் வருகிறது. "இந்த போர்டு ஆன்லைனில் சில நூறு ரூபாய்தானே, ஏன் இவ்வளவு கேட்கிறாய்?" என்று விவசாயி கேட்கிறார். செய்பவரும் கூச்சப்பட்டு உதிரிப்பாக விலைக்கே கொடுத்துவிடுகிறார். அடுத்த மழையில் ரிலே பழுதானால், கைக்காசு போட்டு வந்து சரிசெய்ய அவரால் முடிவதில்லை. ஒரு பருவத்திலேயே அவர் வேறு வேலைக்குப் போய்விட, பெட்டி மோட்டார் ரூமில் வெறுமனே தொங்குகிறது. நஷ்டம் இருவருக்கும்தான்.

நெல்லுக்கு ஒரு கணக்கு, கருவிக்கு ஒரு கணக்கா?

நெல்லின் அடக்கவிலையை நாம் எப்படிக் கேட்கிறோம்? விதை, உரம், ஆள்கூலி போன்ற கைவிட்டுச் செய்த செலவு 'ஏ2'. அதனுடன் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் 'ஏ2+எப்எல்'. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, முதலீட்டுக்கான வட்டி எல்லாம் சேர்ந்தது 'சி2'. 2018-19 முதல் ஏ2+எப்எல் செலவைப் போல் ஒன்றரை மடங்கை அடிப்படையாக வைத்து மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறது. சி2 செலவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது விவசாயிகளின் நீண்டகாலக் கோரிக்கை.

உதிரிப்பாக விலையை மட்டும் பார்ப்பது, விதைக்கும் உரத்துக்கும் மட்டும் காசு தந்து நெல்லை எடுத்துக்கொள்வதைப் போன்றது. கருவி செய்பவரின் உழைப்பையும் கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம்.

ஒரு மாதிரிக் கணக்கு

கைபேசியில் இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்கிடும் முறையைக் காட்டும் உதாரணத் தொகைகளே, சந்தை விலை அல்ல.

போர்டு, சிம் மாட்யூல், ரிலே, பவர் சப்ளை, பெட்டி, ஒயர்: ரூ.2,000
இணைத்துச் சோதிக்க 5 மணி நேரம், மணிக்கு ரூ.120 வீதம்: ரூ.600
பத்தில் ஒன்று பழுதாகும் என்று வைத்து 10 சதவீத ஒதுக்கீடு: ரூ.260
வயலில் பொருத்துதல், ஓராண்டில் இரண்டு முறை வந்து பார்த்தல்: ரூ.700
கருவித் தேய்மானம், கூரியர், வட்டி: ரூ.140

மொத்தம் ரூ.3,700. இதில் 15 சதவீத லாபம் சேர்த்தால் சுமார் ரூ.4,250. அதாவது உதிரிப்பாக விலையைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இதே பெட்டிக்கு ஐந்து மடங்கு கேட்டால், எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 'தொழில்நுட்பக் கட்டணம்' என்று சொன்னால் யோசிக்க வேண்டும். 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ போர்டின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. அதை வைத்துச் செய்பவர் தன் உழைப்புக்கும் சேவைக்கும் விலை கேட்கலாம், பொதுவில் உள்ள வரைபடத்துக்கு அல்ல.

உங்களுக்குக் கட்டுபடியாகுமா?

விலை நியாயமாக இருந்தாலும் கருவி உங்களுக்குப் பயன்பட வேண்டும். தமிழகத்தில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மின் கட்டணத்தில் மிச்சம் இல்லை. அலைச்சல், நேரம், தண்ணீர், காயில் கட்டும் செலவு ஆகியவற்றில்தான் மிச்சம்.

தோட்டம் வீட்டிலிருந்து 3 கி.மீ. தூரம், போய்வர பெட்ரோல் ரூ.12, ஆண்டுக்கு 250 நடை மிச்சம் என்றால் ரூ.3,000. சிம் ரீசார்ஜுக்கு ரூ.1,000 கழித்தால் ரூ.2,000. போட்ட பணம் திரும்ப இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். கிணறு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி தேவையில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* செலவு விவரத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையாகச் செய்பவர் தயங்கமாட்டார்.
* சிம் மாட்யூல் 2ஜியா, 4ஜியா என்று கேளுங்கள். எஸ்ஐஎம்800 போன்ற 2ஜி மாட்யூலில் ஜியோ சிம் வேலை செய்யாது. உங்கள் கிணற்றடியில் எந்த சிக்னல் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள்.
* மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனாலும், கிணற்றில் தண்ணீர் தீர்ந்தாலும் மோட்டார் நிற்கிறதா என்று செய்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள ஸ்டார்ட்டரையும் ஓவர்லோடு ரிலேவையும் கழற்ற விடாதீர்கள். இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கொடுக்கட்டும்.
* ஈரப்பத சென்சாரில் இரண்டு உலோக முனை வெளியே தெரியும் மலிவான வகை, மின்னாற்பகுப்பால் விரைவில் அரித்துவிடும். கெபாசிட்டிவ் வகை நீடிக்கும். அதிலும் ஓரங்களில் நீர் புகாதபடி பூச்சு தேவை.
* மணலில் ஓர் அளவு காட்டும் சென்சார் களிமண்ணில் வேறு அளவு காட்டும். உங்கள் வயல் மண்ணைத் தொட்டியில் நிரப்பி, நன்றாக நனைத்து, நீர் வடிந்த பின் ஓர் அளவும், அதே மண் காய்ந்த பின் ஓர் அளவும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இதைச் செய்து தருபவருக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.
* முக்கால் பங்கு பணத்தை இப்போதும், மீதியை ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகும் தருவதாகப் பேசிக்கொள்ளலாம்.

விலையை ஒப்பிட, கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதம் காட்டும் கருவியையும் பாருங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் ஈரத்தின் நிலையைக் காட்டும் எளிய கருவி அது. கைபேசி மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறையின் மானியத் திட்டம் உள்ளதா, எந்தக் கருவிகளுக்குப் பொருந்தும் என்பதையும் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பேரம் பேசுவதைவிடச் சேர்ந்து வாங்குங்கள்

விலை குறைய நல்ல வழி, உழவர் உற்பத்தியாளர் குழு மூலம் பத்துப் பேர் சேர்ந்து வாங்குவது. மேற்சொன்ன கணக்கில் உதிரிப்பாகம் ரூ.1,800 ஆகவும், வந்துபோகும் செலவு ரூ.350 ஆகவும் குறைந்தால், அதே 15 சதவீத லாபத்துடன் ஒரு பெட்டி சுமார் ரூ.3,600க்குக் கிடைக்கும். செய்பவரின் கூலியில் ஒரு ரூபாயும் குறையவில்லை. விரிவாக்கப் பணியாளர்கள் இப்படி ஒரு குழுவைச் சேர்த்து, செலவுத் தாளையும் பழுது பார்க்கும் உறுதியையும் எழுத்தில் வாங்கிக் கொடுத்தால், கருவி அடுத்த பருவத்திலும் ஓடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவரும் ஊரிலேயே இருப்பார்.