மீண்டும் முத்துக்குளித்துறைக்கு

கோடை விடுமுறை வந்ததும் மலைவாசத் தலங்களை நாடுவோர் பலர். நம் பங்குக் குடும்பங்களுக்கு நாம் வேறொரு வழியைக் காட்ட விழைகிறோம். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை, கடலை இடப்புறம் வைத்துச் செல்லும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வழி அது. முன்பே சென்று வந்தவர்களும் மறுமுறை செல்லலாம். முதற்பயணத்தில் கண் நிறையும். மறுபயணத்தில் மனம் நிறையும்.

நம் இளைய சகோதரரின் குடும்பத்தோடு, எண்பதைக் கடந்த அன்னையாரையும் வேனில் அமர்த்திக்கொண்டு, பல்லாண்டுகளுக்குப்பின் அவ்வழியே சென்றோம்.

பனிமய அன்னையை வணங்கிப் பயணத்தைத் தொடங்கினோம். 1713-இல் எழுந்த அவ்வாலயம் 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. அடுத்து, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் எனப் போற்றப்படும் 'தம்பிரான் வணக்க'த்தை 1578-இல் நமக்களித்த சேசு சபைக் குரு அன்றீக்கு அடிகளார் உழைத்து, உயிர் நீத்த ஊர் அது.

திருச்செந்தூரைத் தாண்டினால் செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் கண்ணைக் கவர்கின்றன. உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மணப்பாடு சேர்ந்தோம். கடலை நோக்கி நீண்ட குன்றின்மேல், 1581-இல் எழுப்பப்பட்ட திருச்சிலுவை ஆலயம். அதன் அடிவாரத்தில், 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை. மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "அவருக்குத் தமிழ் தெரியுமா, பெரியப்பா?" என்று தம்பி மகன் வினவினான். தமிழறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்தே கற்பித்தார் என்றோம். தமிழ்ச் செபங்களைத் தடுமாறிச் சொல்லும் நகரத்துப் பிள்ளை அவன். சற்று நேரம் பேசவில்லை.

உவரியில் புனித அந்தோனியாரை வணங்கி, குமரி முனையில் 133 அடி வள்ளுவர் சிலையையும் கண்டபின், அதற்கு மேற்கே ஒரு மீனவ ஊரில் மாலைத் திருப்பலி நிறைவேற்றினோம். திருப்பலி முடிந்ததும் ஒரு பெண்மணி அருகே வந்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்த அவருடைய கணவர் திரும்பவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் போவாங்க, சாமி. நான் எங்கே போவேன்? கடலைப் பார்த்துத்தான் மெழுகுவர்த்தி வைக்கிறேன்" என்றார்.

நம் தந்தையாரின் கல்லறையில் ஆண்டுதோறும் விளக்கேற்றும் அன்னையார், அப்பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு அவருடைய கணவரின் பெயரைக் கேட்டார். அன்றிரவு நம் குடும்பச் செபமாலையில் அப்பெயரும் இடம்பெற்றது. பகலெல்லாம் அலைகளை நிழற்படம் எடுத்த பிள்ளைகள், படகுகள் புறப்படும் விடியற்காலையில் தாங்களாகவே கரைக்குச் சென்று நின்றனர்.

அன்புக் குடும்பங்களே, இக்கடற்கரையின் அழகு உண்மையானது. அதைக் கண்டு களியுங்கள். அத்தோடு ஓரிரவேனும் அங்குத் தங்குங்கள். அம்மக்களோடு திருப்பலியில் பங்குகொள்ளுங்கள். நம் உணவுத் தட்டில் மீனாக வருவது அவர்களது உயிர்ப்பணயம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். வரும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளை மந்திரிக்கும்போது, கல்லறையே இல்லாதவர்களுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.